ஊட்டி போகட்டும், ஏரிக்கரைக்கு வாருங்கள்

தாம்பரம் பக்கம் யாராவது நல்ல கேமரா ஒன்று வாங்கினால், அடுத்து அவர் செய்யும் காரியம் ஊட்டிக்கோ மூணாறுக்கோ டிக்கெட் போடுவதுதான். நிலக்காட்சி என்றாலே மலை, அருவி, தேயிலைத் தோட்டம் என்று நம் எல்லோர் மனத்திலும் ஒரு காலண்டர் தொங்குகிறது. கிடைப்பது இரண்டு நாள் லீவு. அதில் பாதி பயணத்தில் போய்விடும், மீதியில் பாதியை மூடுபனி எடுத்துக்கொள்ளும். காட்சிமுனையில் எல்லோரும் நிற்கிற அதே கம்பித் தடுப்பை ஒட்டி நின்று, எல்லோரும் எடுக்கிற அதே படத்தை, பகல் பதினோரு மணி வெயிலில் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கேமராவும் பழுதில்லை, எடுத்தவர் கண்ணும் பழுதில்லை. அந்த மலை எந்த மாதம் எந்த மணிக்கு எப்படி இருக்கும் என்பது ஒரே ஒரு தடவை போகிறவருக்குத் தெரிய வழியில்லை, அவ்வளவுதான். நிலக்காட்சிப் படத்தில் பாதிக்கு மேல் இந்த அறிவுதான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை குடியிருப்பவர்களுக்கு இதைக் கற்றுத்தரும் இடம் வீட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரத்துக்குள் இருக்கிறது: சிட்லப்பாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, நெடுங்குன்றம் என்று வரிசையாகக் கிடக்கும் ஏரிகளில் ஏதாவது ஒன்று.

புகைப்படப் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் முதல் பாடம், சூரியன் உதித்த பிறகும் மறைவதற்கு முன்பும் வரும் 'கோல்டன் ஹவர்', அதாவது பொன்னிற ஒளி நிலத்தில் சாய்வாக விழும் ஒரு மணி நேரம். இந்தக் கணக்கு லண்டனுக்குச் சரி. அங்கே குளிர்காலச் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சறுக்கிக்கொண்டே ஏறும். 6 டிகிரி உயரத்தைத் தொட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தாம்பரம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரிக்குள். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக மேலேறுகிறது. அதே 6 டிகிரியை ஏற அதற்கு 25 நிமிடம் போதும். விடியலுக்கு முந்தைய நீல வெளிச்சமும் இதே கதைதான், இருபது சொச்சம் நிமிடத்தில் தீர்ந்துவிடும். புத்தகத்தில் ஒரு மணி நேரம் என்று படித்துவிட்டு, உதித்து அரை மணி கழித்து நிதானமாக ஏரிக்கரைக்கு வந்து முக்காலியை விரிப்பவருக்கு வெளுத்த வானமும் கறுத்த நிழலும்தான் மிஞ்சும். எங்கே நிற்பது, எதை முன்னால் வைப்பது என்பதெல்லாம் முதல் நாளே முடிவாகியிருந்தால்தான் இந்த 25 நிமிடம் போதும். ஊருக்குப் புதியவர் அதை முடிவு செய்யவே 25 நிமிடம் ஆகிவிடும். பழகிய இடம் வேண்டும் என்பதற்கு என் முதல் காரணம் இது.

நிலத்துக்கு நிலம் பொழுது வேறு என்பது தமிழ் படித்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. வயலும் நீர்நிலையும் சேர்ந்த மருதத்துக்கு வைகறையையும் விடியலையும், முல்லைக்கு மாலையையும், பாலைக்கு நண்பகலையும் தொல்காப்பியமே வகுத்துவைத்தது. அது காதலுக்கான இலக்கணம், கேமராவுக்கானதில்லை என்பது சரி. ஆனாலும் ஏரிக்கு விடியலே பொழுது என்பது படமெடுப்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது. சென்னையில் கடற்காற்று முற்பகலுக்கு மேல்தான் உள்ளே நுழைகிறது. விடியற்காலையில் ஏரி அசையாமல் கிடக்கும், எதிர்க்கரைப் பனைமரம் தலைகீழாக அப்படியே நீரில் தெரியும். பத்து மணிக்கு அதே தண்ணீரில் சிலுசிலுப்பைத் தவிர ஒன்றும் இருக்காது. பருவமும் திசையை மாற்றுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இடிமழை பெரும்பாலும் மாலையில், உள்நாட்டிலிருந்து, மேற்கே கறுத்துக்கொண்டு வரும். அந்த மாதங்களில் கேமரா மேற்கு பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து வருகிறது. இரவிலும் அதிகாலையிலும் கொட்டிவிட்டு, விடியும்போது கிழக்கே மேகக் குவியலை விட்டுவைத்திருக்கும். மழை கழுவிய காற்றில் தூரம் துலங்கும் அபூர்வ நாட்கள் அவை. சூரியன் உதிக்கும் இடம்கூட ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜூனில் நேர்கிழக்குக்கு வடக்கே 24 டிகிரி, டிசம்பரில் தெற்கே 24 டிகிரி என்று நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் உச்சிக்கு வரும் சூரியன் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும் உச்சியைக் கடந்து தெற்கே போகும். இடைப்பட்ட காலத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்தல்லவா விழுகிறது! ஜனவரியில் நாளெல்லாம் நிழலாகவே கிடக்கும் ஒரு பாறையின் வடமுகம் ஜூனில் வெயில் காயும். ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவர் இதைச் செயலியில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்தில் இருப்பவருக்கு அது தானே தெரிந்துபோகும்.

டிசம்பர் கடைசியில் ஓர் ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோம். சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கும். ஆறு மணிக்கு வானமும் நீரும் ஒரே சாம்பல் நீலம், இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, எந்த கேமராவும் எளிதாகப் பிடித்துவிடும். உதித்ததும் வெளிச்சம் முதலில் விழுவது கரையில் அல்ல. எதிரே உள்ள மேல்நிலைத் தொட்டியின் விளிம்பு சிவக்கும், அடுத்து அடுக்குமாடிகளின் மேல்தளம், பிறகு பனை ஓலை, கடைசியில்தான் கரைப் புல்லும் மதகின் கல்லும். இந்த இறங்குதல் நடக்கும் சில நிமிடங்களில் மேலே கண்கூசும் ஒளியும் கீழே இருட்டும் ஒரே படத்துக்குள் இருக்கும். நம் கண் இரண்டையும் பார்த்துவிடுகிறது, கேமராவால் முடிவதில்லை. தானியங்கி முறையில் விட்டால் அது தரையைக் காட்டுவதற்காக வானத்தைப் பலிகொடுத்துவிடும். வானம் வெளுத்துப்போன இடத்தில் எந்த விவரமும் பதிவாகியிருக்காது, பிறகு கணினியில் எதைத் தள்ளினாலும் திரும்பாது. நிழலில் பதிந்ததை ஓரளவு மீட்கலாம். ஆகவே வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, கொஞ்சம் இருட்டாகவே எடுத்து, 'ரா' கோப்பில் நிழலைத் தூக்குவது ஒரு வழி. முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்து இணைப்பது இன்னொரு வழி. மொபைல் வைத்திருப்பவர் திரையில் வானத்தைத் தொட்டு அழுத்தி, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இது இன்று நேற்று வந்த சங்கடமும் இல்லை. 1858இல் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிய லின்னேயஸ் ட்ரைப்புக்கும் இதே தலைவலிதான். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி உறிஞ்சும்; வானம் வெறும் வெள்ளையாக வரும். அவர் காகித நெகட்டிவின் மேலேயே சாயம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். இன்று மொபைல் செய்யும் வேலையை அவர் தூரிகையால் செய்தார், அதுவும் நாசூக்காக.

தென்புறநகரின் அடுத்த சிக்கல், இது தட்டையான பூமி. மலைப் பிரதேசத்தில் மேடும் பள்ளமும் படத்துக்கு ஆழம் தந்துவிடும். இங்கே வைட் ஆங்கிள் லென்ஸைப் போட்டால் மேலே பாதி வானம், கீழே பாதி தண்ணீர், நடுவில் நூல் மாதிரி ஒரு எதிர்க்கரை, அவ்வளவுதான். ஆர்வலர்கள் அநேகமாக முதலில் வாங்குவதும் வைட் லென்ஸ்தான், ஏமாறுவதும் அதில்தான். அந்த லென்ஸுக்கு ஏரியில் வேலை உண்டு, ஆனால் முழங்காலுக்குக் கீழே இறங்கி, கோரைப்புல்லையோ வெடித்த சேற்றையோ கைக்கெட்டும் தூரத்தில் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி தட்டை நிலத்துக்கு டெலிபோட்டோவே தோழன். கணக்கைப் பாருங்கள்: உங்களிடமிருந்து 100 மீட்டரில் ஒரு பனை, 1 கிலோமீட்டரில் ஒரு குன்று. பனைதான் பெரிதாகத் தெரியும். அதே நேர்க்கோட்டில் 400 மீட்டர் பின்வாங்கினால் பனை முன்பு தெரிந்ததில் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், குன்று கிட்டத்தட்ட முக்கால் பங்கு அளவில் நிற்கும். இப்போது லென்ஸை நீட்டி எடுத்தால் பனைக்குப் பின்னால் குன்று எழுந்து நிற்கும். இது லென்ஸின் மாயம் என்று பலர் நினைக்கிறார்கள், நின்ற தூரத்தின் வேலை அது. திருநீர்மலையை இப்படித்தான் பிடிக்க வேண்டும். அடிவாரத்தில் நின்றால் படிகளும் கடைகளும்தான். தள்ளிப்போய்ப் பார்த்தால்தான் கோயிலோடு அந்தக் குன்று வீடுகளுக்கு மேலே எழும். குன்றைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்திருந்ததால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது தலபுராணம். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி அமைய மாட்டார். பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும் உயரத்தில் சின்னவைதான், கல் சாதாரணமானதில்லை. சார்னோக்கைட் என்று 1893இல் தாமஸ் ஹாலந்து பெயரிட்ட, எண்ணெய் பூசினாற்போல் மினுங்கும் கருநீலப் பாறை இது. நண்பகலில் அது வெறும் கருப்பு. மழை நனைத்த மறுநாள் காலை சாய்வெளிச்சத்தில்தான் அதன் நிறம் வெளிவரும்.

காற்றின் ஈரமும் புகையும் இங்கே நிரந்தரத் தொந்தரவு. ஏ.சி. அறையில் இரவு முழுவதும் குளிர்ந்த கேமராவை விடியலில் ஏரிக்கரையில் திறந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும், அந்த 25 நிமிடமும் துடைப்பதிலேயே போய்விடும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் நூலிழை போலப் பூஞ்சை பிடிப்பது சென்னையில் சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதும் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதுமே இதற்கு மருந்து. தூரத்து மங்கலைப் பொறுத்தவரை போலரைசர் ஃபில்டர் ஓரளவு உதவும், சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது மட்டும். போகி காலையில் எதுவும் உதவாது. ஆனால் மங்கலோடு மல்லுக்கட்டாமல் அதையே பயன்படுத்தவும் வழி உண்டு. சூரியனை எதிரே வைத்துக்கொண்டால் முன்வரிசை மரம் கருப்பாக, அடுத்த வரிசை சாம்பலாக, கடைசிக் கட்டடங்கள் காகிதத்தில் தேய்த்தாற்போல் வெளிறி, தட்டை நிலத்துக்கு இல்லாத ஆழம் வந்துவிடும். கொடைக்கானலில் மேகம் செய்யும் வேலையைப் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி செய்கிறது. (நீண்ட நேர எக்ஸ்போஷரில் நீரைப் பட்டு போல ஆக்கும் வித்தையை மட்டும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பாதி ஏரிகளில் மேலே கிடப்பது ஆகாயத்தாமரை.)

இங்கேதான் பலரும் மறுப்பார்கள். மின்கம்பி, செல்போன் கோபுரம், அடுக்குமாடி, கரையெல்லாம் பிளாஸ்டிக் பை, இதில் என்ன அழகைப் படமெடுப்பது என்பார்கள். நியாயமான கேள்வி. மனிதன் தொடாத நிலம்தான் நிலக்காட்சி என்று நாமாக வைத்துக்கொண்ட நிபந்தனைதான் இந்த எரிச்சலைக் கிளப்புகிறது. 1975இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸில் 'நியூ டோப்போகிராஃபிக்ஸ்' என்று ஒரு கண்காட்சி நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஸ்டீபன் ஷோர் முதலியோர் அதில் காட்டியது புறநகர் வீட்டு வரிசைகள், தொழிற்கூடச் சுவர்கள், கார் நிறுத்தங்கள். மனிதன் மாற்றியமைத்த நிலத்தின் படங்கள் என்பதே அதன் துணைத்தலைப்பு. அன்று பலருக்குச் சலிப்பூட்டிய அந்தக் கண்காட்சியை விட்டுவிட்டு இன்று நிலக்காட்சிக் கலையின் வரலாற்றை எழுத முடியாது. அதில் பங்கேற்ற ஜெர்மன் தம்பதி பெர்ன்ட், ஹில்லா பெஹர் தண்ணீர்த் தொட்டிகளையும் தொழிற்சாலைக் கட்டுமானங்களையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், ஒரே மாதிரியான கோணத்தில், பல்லாண்டுகள் எடுத்து அடுக்கினார்கள். நம் பேட்டைக்கு ஒன்றாக நிற்கும் மேல்நிலைத் தொட்டிகளை அப்படி யாராவது எடுத்திருந்தால், இந்தப் புறநகர் வளர்ந்த கதையின் ஒரு பகுதி கையில் கிடைத்திருக்கும். அதற்காகக் குப்பையைக் கொண்டாட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. குப்பை படத்தில் வரலாம், கம்பியும் வரலாம், எதற்காக வருகிறது என்று எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கம்பி கோணலாகக் குறுக்கே ஓடினால் அது கவனக்குறைவு. ஐந்து கம்பியும் அவற்றில் வரிசையாக அமர்ந்த கரிச்சான்களும் படத்தைத் தாங்கி நின்றால் அது காட்சியமைப்பு.

ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போனால் அலுக்காதா, அங்கே என்ன மாறிவிடப் போகிறது என்பது அடுத்த ஆட்சேபம். தாம்பரத்துக்காரர்கள் இதைச் சொன்னால்தான் ஆச்சரியம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. நாலே ஆண்டில், 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படித் தலைகீழாகும் நிலத்தை ஊட்டியில் தேட வேண்டியதில்லை. செம்பாக்கம் ஏரியின் உபரி நீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணையைப் பாருங்கள். பல ஆயிரம் ஹெக்டேர் சதுப்பாகக் கிடந்த இடம் குப்பைமேட்டுக்கும் சாலைக்கும் கட்டடங்களுக்கும் போக மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ரேடியல் ரோட்டில் நின்றால் பூநாரைக் கூட்டமும் அதன் பின்னால் கண்ணாடிக் கட்டடங்களும் ஒரே படத்தில் விழுகின்றன. இந்த நிலம் சுருங்கியதற்கு வரைபடங்கள் இருக்கின்றன, செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. ஆள் உயரத்தில், கரையில் நின்று, ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் எடுத்த படங்கள்தான் அரிது. அதைத் தொழில்முறைக் கலைஞர் செய்ய மாட்டார், காசு தருவார் இல்லை. ஆர்வலர்தான் செய்ய முடியும். இன்று மொபைலில் ஒரு தட்டலில் கம்பியும் குப்பையும் மறைந்து வானம் ஊதா நிறமாகிவிடுகிறது. வீட்டுச் சுவருக்கு அப்படி ஒரு பிரதி வைத்துக்கொள்வதில் எனக்குக் கோபமில்லை. மூலக் கோப்பை அழித்துவிடுவதில்தான் கோபம்.

விலை உயர்ந்த கருவி வேண்டுமா என்ற கேள்விக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்துக்கு நடுத்தர மொபைல் போதும். அரையிருட்டுக்கு முக்காலி வேண்டும். பெரிய அச்சு போடுவதாக இருந்தால் மட்டும் கேமராவைப் பற்றி யோசிக்கலாம். இதைவிட முக்கியமானவை வேறு சில. விடியலில் ஏரிக்கரை தெருநாய்களின் ராஜ்யம், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீர் படத்துக்கு மரகதமாகத் தெரியும், ஆழமும் செங்குத்து விளிம்பும் ஆளை விழுங்கும். மின்னலை எடுக்க ஆசைப்பட்டு மொட்டைமாடியிலோ திறந்த கரையிலோ உலோக முக்காலியோடு நிற்கக் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகப் பத்து, பதினைந்து விநாடி எக்ஸ்போஷர் வைத்தாலே மின்னல் கிடைக்கும். நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையிடம் கேட்க வேண்டும். ட்ரோன் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு, மஞ்சள் என்று குறிக்கப்பட்ட வான்பகுதிகளில் முன்அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. வாங்குவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் தெருவைத் தேடிப் பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏரியில், மதகோ கலங்கலோ, எளிதில் இடம் மாறாத ஒன்றை அடையாளமாக வைத்து ஒரு படம் எடுங்கள். தேதியும் நின்ற இடமும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். ஏரி நிரம்பியதும் ஒன்று, தையில் ஒன்று, சித்திரையில் தண்ணீர் வற்றியதும் ஒன்று. ஒரு பிரதியை உங்கள் பகுதி ஏரிப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். ஆக்கிரமிப்புப் பற்றி மனு எழுதுகிறவர்களுக்குத் தேதியிட்ட படம் எப்போதும் தேவைப்படுகிறது.